கரு கலைந்த பிறகு மனசு: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை: கேரளா தமிழ்நாடு எல்லையோரத்து ஊர்கள். ரேஷன் கார்டு கேரளாவுடையது, வீட்டுக்குள் பேச்சு கொங்குத் தமிழ். பிரசவத்துக்குச் சிலர் பாலக்காடு போவோம், சிலர் பொள்ளாச்சி, கையில் காசு இருந்தால் கோயம்புத்தூர். நான் படித்தது உளவியல். ஆறு வருஷம் முன்பு ஐந்தாம் மாதத்தில் என் குழந்தை தவறிப் போனது. இந்த இரண்டும் தெரிந்த பெண்கள் பஸ்ஸிலும் தையல் கடையிலும் கோயில் திண்ணையிலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டவைதான் இவை. நான் டாக்டர் இல்லை. ரத்தம் நிற்காமல் போகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் இதைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ரெண்டு மாசத்துல போனதுங்க. அதுக்குப் போய் இப்படி அழுகலாமா?

அழலாம். எத்தனை வாரத்தில் போனது என்பதை வைத்துத் துக்கத்தை அளக்க முடியாது. ஸ்கேனில் ஒரு முறை துடிப்பைப் பார்த்தவளுக்கு அது குழந்தைதான். பார்க்காதவளுக்கும், பேர் யோசித்து வைத்திருந்தால், குழந்தைதான்.

லண்டனில் மூன்று ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தொடக்க மாதங்களிலேயே கருவை இழந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கருக்குழாயில் கரு தங்கிப் போனவர்களும் அதில் உண்டு. ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கு, விபத்தில் தப்பியவர்களுக்கு வருகிற மாதிரியான அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. 24 சதவீதம் பேருக்குக் கடுமையான அல்லது நடுத்தரப் பதற்றம், 11 சதவீதம் பேருக்கு அதே அளவில் மனச்சோர்வு. ஒன்பது மாதம் போன பிறகும் அந்த அதிர்ச்சி 18 சதவீதம் பேரை விடவில்லை. இவை கேள்வித்தாள் வழியே வந்த கணக்கு, ஒவ்வொருவரையும் டாக்டர் உட்கார வைத்துப் பார்த்துச் சொன்னதில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் சின்ன எண் இல்லை. சோர்வைவிட அதிர்ச்சி அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் “சோகமா இருக்கா” என்றுதான் பார்க்கிறார்கள். பாத்ரூம் கதவைத் திறக்கும்போதெல்லாம் அன்றைய ரத்தம் கண்முன் வருவதை யாரும் கேட்பதில்லை.

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று அதைச் சொல்லலாம். இழப்பு நடந்திருக்கும், ஆனால் துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள், பந்தலும் இருக்காது, பதினாறாம் நாளும் இருக்காது. கிழவி செத்தால் மூணு ஊர் வந்து நிற்கும். இதற்கு அத்தை மட்டும் வந்து, “சீக்கிரம் அடுத்தது வந்துரும் கண்ணு, எந்திரிச்சு மொகத்தக் கழுவு” என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் வலிக்கிறது, ஏன் வலிக்கிறது என்றும் சொல்லத் தெரியாது.

நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?

எல்லோரும் கேட்பது இது, அதுவும் கடைசியாக, பஸ் வந்த பிறகு. பப்பாளி சாப்பிட்டேன், எள்ளுருண்டை தின்றேன், ஸ்கூட்டியில் போனேன், தண்ணிக் குடம் தூக்கினேன், ஐந்தாம் மாதமே எல்லோருக்கும் சொல்லிக் கண்ணுபட வைத்தேன். பட்டியல் நீளமானது. அதில் பாதி மாமியார் கொடுத்தது, மீதி இவர்களே சேர்த்தது.

உறுதியான கர்ப்பங்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து கலைந்துவிடுகிறது. உலகக் கணக்கில் வருஷத்துக்கு 2 கோடியே 30 லட்சம் என்று 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர் சொல்கிறது. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கை தவறிப் போவது. கரு உருவான நேரத்திலேயே நடந்துவிட்ட தவறு அது. அப்போது நீங்கள் எந்தக் குடத்தைத் தூக்கியிருக்கப் போகிறீர்கள்?

ஆனால் இந்த விளக்கத்தைச் சொன்னதும் குற்ற உணர்ச்சி போய்விடும் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். போகாது. எனக்கே போகவில்லை. காரணம் இல்லாமல் போனது என்பதைத் தாங்குவதைவிட, என்னால் போனது என்பது சிலருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக இருக்கிறது. ஒரே தடவை சொல்லிவிட்டு விடாமல், பத்துத் தடவை சொல்ல ஆள் வேண்டும். இரண்டு முறைக்கு மேல் கலைந்திருந்தால் காரணம் தேடிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், தைராய்டு, சர்க்கரை, கருப்பை அமைப்பு என்று பார்க்க வேண்டியவை உண்டு.

நர்ஸ் என்னமோ அலசிப் போச்சுன்னாங்களே, அப்படின்னா?

இது எல்லைப்பக்கத்துக்கே உரிய வேதனை. உடுமலையிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண். மலையாள நர்ஸ், “கர்ப்பம் அலசிப் போயி” என்றிருக்கிறார். மலையாளத்தில் அது கரு கலைந்தது என்று மரியாதையாகச் சொல்லும் சொல். தமிழில் அலசுவது துணியை, பாத்திரத்தை. ஏதோ கழுவி விட்டுவிட்டார்கள் என்று இந்தப் பெண்ணின் காதில் விழுந்தது. மறுநாள் அதே நர்ஸ் தலையைத் தடவி, “விஷமம் உண்டோ?” என்று கேட்டார். கஷ்டமா இருக்கா என்று அர்த்தம். இவளுக்கோ, “நான் என்ன விஷமம் பண்ணினேன்?” என்று கோபம். அந்த ஆஸ்பத்திரியில் அவளிடம் மிக அன்பாக நடந்துகொண்ட ஒரே ஆள் அந்த நர்ஸ்தான் என்பது இரண்டு மாதம் கழித்து, நான் அர்த்தம் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் அட்டையில் ‘அபார்ஷன்’ என்று எழுதியிருக்கும். மருத்துவத்தில் தானாகக் கலைந்ததற்கும் அந்தச் சொல்தான். நீங்களாகக் கலைத்தீர்கள் என்று யாரும் எழுதவில்லை. வீட்டில் யாராவது அட்டையைக் காட்டிச் சண்டை பிடித்தால் இதைச் சொல்லுங்கள்.

துக்கத்துக்கு அஞ்சு படி இருக்காமே? நான் இன்னும் ரெண்டாவது படியிலயே நிக்கறேன்.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் சொன்னது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பற்றி. பறிகொடுத்தவர்களைப் பற்றி அல்ல. பிறகு அது எல்லாத் துக்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது. படிப்படியாக ஏறி முடிக்க வேண்டும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை.

எனக்கு ஒத்துவருவது 1999-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டிலிருந்து மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் ஊசலாடுகிறார் என்பது அவர்கள் கருத்து. ஒரு நேரம் இழப்பின் பக்கம், மறு நேரம் வாழ்க்கை வேலைகளின் பக்கம். காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டி, பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, வரும் வழியில் யார் வீட்டுக் கொடியிலோ சின்னச் சட்டை காயக் கண்டு நின்று அழுதுவிட்டு, வந்து தோசை சுடுவது. இது ஆரோக்கியமான ஊசல். நடுவில் டிவி பார்த்துச் சிரித்தால் துரோகம் இல்லை. ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். நாள் முழுக்க அழுவதும் அப்படித்தான், ஒரு சொட்டுக்கூட விடாமல் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான்.

ஏழாம் மாசம் செத்துப் பொறந்துச்சு. எங்கிட்டக் காட்டவே இல்ல. காட்டியிருக்கணுமா?

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்களே பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியும். மாமனாரோ அண்ணனோ ஒரு துண்டில் சுற்றி வாங்கிப் போவார். எரிப்பதில்லை, தோட்டத்து ஓரத்தில் புதைப்பார்கள். அம்மாவுக்குக் காட்டினால் பாசம் ஒட்டிக்கொள்ளும், பித்துப் பிடிக்கும் என்று நம்பிக்கை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான், நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு எழுபது எண்பதுகளில் தலைகீழானது, பார்க்க வேண்டும், மடியில் வைக்க வேண்டும், அப்போதுதான் ஆறும் என்று வற்புறுத்தத் தொடங்கினார்கள்.

2002-இல் அங்கிருந்தே ஓர் ஆய்வு வந்து கல்லெறிந்தது. குழந்தை இறந்து பிறந்த பிறகு மறுபடி கருவுற்ற 65 பெண்கள். அடுத்த கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, பார்த்து மட்டும் இருந்தவர்களில் 21, பார்க்காதவர்களில் 6. அதை வைத்து 2007-இல் அந்நாட்டு வழிகாட்டுதல், பார்க்கச் சொல்லி வழக்கமாக ஊக்குவிக்க வேண்டாம் என்றது. பெற்றோர்கள் கொதித்தார்கள். 2008-இல் இன்னொரு ஆய்வு, 2,292 தாய்மார்கள். பார்த்து, தூக்கியவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைவு. ஆனால் அடுத்த கர்ப்பம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அது தற்காலிகமாகத் தலைகீழாகிறது. முதல் ஆய்வு பார்த்தது சரியாக அந்த நேரத்தைத்தான்! கடைசியில் 2014-இல் வழிகாட்டுதலைத் திருத்தி, பெற்றோரிடம் பேசி அவர்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார்கள்.

எனவே, காட்டாதது உங்கள் மனநோய்க்குக் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்காமலே முடிவெடுத்ததுதான் தப்பு. ஸ்வீடனில் 1990-களில் செய்த ஆய்வும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது: தான் விரும்பிய அளவு நேரம் குழந்தையோடு இருக்க முடியாமல் போன தாய்மார்களுக்குப் பின்னாளில் பதற்றம் அதிகம். இனி யாருக்காவது நடந்தால், புதைக்கப் போகும் முன் ஒரு நிமிஷம் நின்று, “அம்மிணி, பாக்கறியா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு போட்டோ எடுத்து யாராவது பத்திரமாக வைத்திருந்தால், அவள் கேட்கும் நாளில் கொடுக்கலாம்.

குழந்தையே இல்ல, பால் மட்டும் ஏனுங்க சுரக்குது?

நான்காம் மாதம் தாண்டியிருந்தால் வரலாம். குழந்தை போனது உடம்புக்குத் தெரியாது, நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சுரக்கத் தொடங்கிவிடும். எனக்கு மூன்றாம் நாள் வந்தது. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

என் அம்மாயி மல்லிகைப்பூ வாங்கி வரச் சொல்லி, நெருக்கமாகத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டினார். மூடநம்பிக்கை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், வேலூர் சி.எம்.சி.யில் இதையே சோதித்து 1988-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்! ஒரு பக்கம் மல்லிகை, மறுபக்கம் அந்தக் காலத்தில் பால் நிறுத்தக் கொடுத்த புரோமோகிரிப்டின் மாத்திரை. ரத்தத்தில் பால் சுரப்பு ஹார்மோனை மாத்திரை அதிகம் குறைத்தது. ஆனால் பால் நின்றதில் பூவும் ஏறத்தாழ அதே பலன் கொடுத்தது. இப்போது டாக்டர்கள் காபர்கோலின் மாத்திரை கொடுக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். மல்லிகை வாசம் எனக்கு இன்னும் ஆகாது, அது வேறு விஷயம்.

அவரு அழவே இல்ல. அவருக்கு ஒண்ணுமே இல்லையா?

அவரைக் கேட்டீர்களா? ஊரில் எல்லோரும் அவரிடம், “அது எப்படி இருக்குது?” என்று உங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். துண்டில் சுற்றிய பொட்டலத்தைப் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போனது அவராக இருக்கலாம். துக்க அளவுகோல்களில் ஆண்களுக்குப் பெரும்பாலும் பெண்களைவிடக் குறைவான மதிப்பெண்தான் வருகிறது, சீக்கிரம் இறங்கியும் விடுகிறது. ஆனால் அந்த அளவுகோல்களே பெண்கள் துக்கப்படும் விதத்தை வைத்துச் செய்தவை என்று ஒரு விமர்சனம் உண்டு. மேலே சொன்ன ஊசலில் ஆண்கள் வேலைப் பக்கம் அதிகம் சாய்வார்கள். மோட்டார் ரிப்பேர் பார்ப்பதும் கள்ளுக்கடையில் நேரமாவதும் அந்தச் சாய்வாக இருக்கலாம். குடி தினமும் ஆனால் அது துக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

இது துக்கமா, நோயா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

துக்கம் அலை மாதிரி வரும், நடுவில் ஓய்வு கொடுக்கும். மனச்சோர்வில் அந்த ஓய்வு இருக்காது, எதிலும் ருசி இருக்காது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் நாள் முழுக்க இருக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும். அதிர்ச்சி வேறு மாதிரி: ஸ்கேன் ஜெல்லின் குளிர்ச்சியை நினைத்தாலே நெஞ்சு அடைக்கும், அந்த ரோட்டில் போகவே முடியாது, தூக்கத்தில் அலறல். நீடித்த துக்க நோய் என்று தனியாக ஒன்றும் இப்போது உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் அதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் கடந்திருக்க வேண்டும் என்றார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதம் என்கிறது. துக்கத்துக்கு நோய்ப் பட்டம் கட்டுகிறார்களே என்று சிலருக்குக் கோபம். எனக்கும் பாதிக் கோபம்தான், ஆனால் இரண்டு வருஷமாகச் சோறு இறங்காதவளுக்கு அந்தப் பெயர் ஒரு கதவைத் திறக்கிறது.

எடின்பரோ அளவுகோல் என்று மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் உண்டு, 1987-இல் செய்தது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். பிரசவமான பெண்களுக்கு என்றாலும் இழப்புக்குப் பிறகும் பயன்படுத்துகிறார்கள். தமிழ் வடிவத்தை வேலூர்க்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு “ஆமா” என்றால் மற்ற ஒன்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை, அன்றைக்கே ஆளைத் தேடுங்கள்.

மாமியார்கிட்டச் சண்டைதான் வருது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. வேலூர் பக்கம் கணியம்பாடியில், பிரசவம் ஆன பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வந்தது. புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களில் மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், ஆண் எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, கைவேலைக்கு ஆள் இல்லாதது, வறுமை எல்லாம் இருந்தன. குழந்தை உயிரோடு இருக்கும்போதே இப்படி என்றால் இல்லாதபோது சொல்ல வேண்டுமா?

மாமியாரைப் பற்றி ஒரு வரி: அவருக்கும் இரண்டு மூன்று கலைந்திருக்கும், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கேட்டுப் பாருங்கள். என் அத்தைக்கு மூன்று. நாற்பது வருஷம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

கவுன்சலிங் போனா சரியாயிருமா?

எல்லோருக்கும் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் குழு 2012-இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கருச்சிதைவுக்குப் பின் எல்லோருக்கும் ஆலோசனை தந்தால் பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதற்கு முன் 2009-இல் அமெரிக்காவில் 341 தம்பதிகளிடம் செய்த சோதனையில், ஒரு நர்ஸ் மூன்று முறை உட்கார்ந்து பேசியதற்கே பெண்களின் சோர்வு சீக்கிரம் குறைந்தது. ஆழமாகத் தோண்ட ஆள் வேண்டியதில்லை, உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். நோய் அளவுக்குப் போனவர்களுக்கு முறையான சிகிச்சையும் மாத்திரையும் பலன் தரும்.

அடுத்தது எப்பங்க?

உடம்புக்கு: உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கருச்சிதைவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள், அதற்கு முன்பே தங்கினாலும் ஆபத்து கூடுவதாகக் காட்டவில்லை. உங்கள் ரத்த அளவையும் ஆபரேஷன் ஆனதா என்பதையும் பார்த்து டாக்டர் சொல்வதே கணக்கு.

மனசுக்கு: அடுத்தது வந்தால் எல்லாம் மறந்துவிடும் என்பது பொய். இங்கிலாந்தில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. முன்பு இழந்தவர்களின் சோர்வும் பதற்றமும், நல்லபடியாக அடுத்த குழந்தை பிறந்து கிட்டத்தட்ட மூன்று வருஷம் வரை தொடர்ந்திருக்கிறது. அதனால் அடுத்த கர்ப்பத்தில் சந்தோஷமாக இல்லையே என்று திகைக்காதீர்கள்.

வேலைக்குப் போறவளுக்கு லீவு உண்டா?

கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு உண்டு. சான்றிதழ் வேண்டும். அதனால் நோய் வந்தால் இன்னும் ஒரு மாதம். முன்பு இது 1961 மகப்பேறுச் சட்டத்தில் இருந்தது, இப்போது அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. கடலை பிடுங்கப் போகிறவளுக்கும் தொழிலுறப்பு என்கிற அரசின் ஊரக வேலைக்குப் போகிறவளுக்கும் இதெல்லாம் காகிதம்தான்.

யாருக்குப் போன் பண்றது?

டெலி மானஸ் மனநல உதவி எண், 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம். தமிழிலேயே பேசலாம். கேரளத்தில் திஷா என்ற சுகாதார உதவி எண், 1056. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் வருகிற நாளை உங்கள் ஆஷா அக்காவிடம் கேளுங்கள். மலையாளம் வராவிட்டால் தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்று சொல்லிக் கேட்கலாம், கூச்சம் வேண்டாம்.

பேர் வெக்கலாமா? சாமி கும்புடலாமா?

வையுங்கள். மறந்தால்தான் ஆறும் என்பது பழைய கருத்து. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களோடு பல வருஷம் இருந்த டென்னிஸ் கிளாசும் மற்றவர்களும் 1996-இல் வேறு மாதிரி சொன்னார்கள்: உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற நமக்கு இது புதுச் செய்தி இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் அனுமதித்ததைச் சின்னதுக்கும் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வளைகாப்பு. போகட்டுமா?

மனசு இருந்தால் போங்கள். ராசியில்லை என்று வளையல் போட விடமாட்டார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் அழைப்புக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வருஷம் நாத்தனார் மகளுக்கு நடந்தபோது போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணே, “அத்தை, நீங்க போட்டுவிடுங்க” என்று கையை நீட்டினாள். பச்சை வளையல் இரண்டு போட்டேன், ஒன்று உடைந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புளிச்சோறு நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.